உமாதேவி பார்க்காத தேதிகள்

ஆட்களை எடைபோடுவதில் உமாதேவி கெட்டிக்காரி என்று நஞ்சன்கூடு தொழிற்சாலையில் சொல்வார்கள். அவளும் அதை நம்பினாள். மைசூரு விஜயநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, அங்கே ஆட்களின் வருகை, ஷிப்ட், லீவு எல்லாம் அவள்தான் பார்த்துவந்தாள்.

தொண்ணூற்று மூன்றில் கிடங்கிலிருந்து செம்புக் கம்பிச் சுருள்கள் நான்கு முறை திருட்டுப் போயின. யார்மேல் சந்தேகம் என்று மேனேஜர் கேட்டதுமே அவளுக்கு ஜடையன் நினைவு வந்தது. பாரம் தூக்குகிறவன், அதிகம் பேசாதவன், கோபிநத்தத்துக்காரன். அந்த ஊரில் பிறந்த காட்டுக் கொள்ளையனைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்த காலம். சந்தேகப்பட ஊர்ப் பெயரே போதுமானதாக இருந்தது. ரிஜிஸ்டரைப் புரட்டினாள். நான்கு தேதிகளிலும் அவனுக்கு நைட் ஷிப்ட், அதுவும் அவனே கேட்டு வாங்கியது.

"பகல்ல எம் பொண்டாட்டி பழனாத்தாளக் கூட்டிக்கிட்டு மைசூர் ஆசுபத்திரிக்குப் போகோணுமுங்க. அதுக்குத்தானுங்கம்மா நைட்டு கேட்டேன்" என்றான் ஜடையன்.

"எல்லாரும் இதேதான் சொல்றாங்க."

அவன் அழவில்லை. கல்நெஞ்சன் என்று அதையும் அவள் குற்றத்தோடு சேர்த்துக்கொண்டாள். மறுநாள் அவனுக்கு வேலையில்லை.

மூன்று மாதம் கழித்து, லாரி டிரைவர் ஒருவன் கேட்டில் கம்பியோடு பிடிபட்டான். எல்லாத் திருட்டையும் ஒப்புக்கொண்டான். உமாதேவி ரிஜிஸ்டரை மறுபடி எடுத்து, இந்த முறை முழுவதும் படித்தாள். ஜடையன் கேட்டு வாங்கிய நைட் ஷிப்ட் முப்பத்தொன்று. இருபத்தேழில் ஒன்றும் காணாமல் போகவில்லை. அந்த நான்கு இரவுகளிலும் வேறு ஒன்பது பேர் வேலையில் இருந்தார்கள். அவன் கொடுத்த ஆஸ்பத்திரிச் சீட்டும் ஃபைலில் இருந்தது. ஓட்டை போட்டுக் கோத்து வைத்தது அவள்தான்.

அவன் குடியிருந்த வீட்டைத் தேடிப் போனாள். பக்கத்து வீட்டு லிங்கம்மா வெளியே வந்தாள்.

"அவர் ஊருக்குப் போய்ட்டார்மா. வேலை போனதும் அந்தம்மா ஆசுபத்திரிக்கே வரமாட்டேன்னுட்டா. தசரா முடிஞ்ச வாரம் செத்துப் போனா."

தவறு தன்னுடையது என்று எழுதிக்கொடுத்து, மேனேஜரிடம் மறுநியமன உத்தரவு வாங்கிக் கோபிநத்தத்துக்கு அனுப்பினாள். ஆள் இல்லை என்று திரும்பி வந்தது.

பின்னாளில் அவள் அதிகாரியானாள். யாரைப் பற்றிக் கேட்டாலும் சட்டென்று பதில் வராது. வயதாகிவிட்டது என்றார்கள். பஸ் ஸ்டாண்டில் தோளில் மூட்டையோடு மெலிந்த ஆண் யார் போனாலும் நின்றுவிடுவாள். ஒருமுறை பின்னாலேயே போய், "ஜடையா" என்றாள். திரும்பியவர் யாரோ. என்ன வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டார். ஆள் மாறிவிட்டது என்றாள். அவர் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு போனார்.