$PATH விடுபட்டதை நான் பார்த்தேன்

திங்கள் காலை டிஸ்பாட்ச் கம்ப்யூட்டரில் ஃபைல் பட்டியலைக் காட்டும் ls என்று அடித்தாலும் command not found என்றுதான் வந்தது. லேபிள் அச்சாகவில்லை. வெளியே மூன்று லொறி நின்றது. பிழை விட்டவர் கார்த்திக். பக்கத்தில் நின்று பார்த்தது நான்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வெளிநாட்டில், வெரிபீ என்ற ஊர்ப் பக்கம் ஒரு வேர்ஹவுசில் இரண்டு வருடம் பெட்டி எடுத்துக் கொடுத்தேன். லினக்ஸ் வீட்டில் நானாகப் பழகியது. மேனேஜர் யோகன் அண்ணா என்னையும் கார்த்திக்கையும் மூன்று மாதம் கம்ப்யூட்டர் சப்போர்ட்டில் போட்டார். முடிவில் ஒருவருக்குத்தான் நிரந்தர வேலை.

கார்த்திக் திருச்சிக்காரர். இங்கே மாஸ்டர்ஸ் முடித்தவர். அந்தப் படிப்பில் எனக்குப் பொறாமைதான். அதைக்கூடத் தாங்கினேன். மத்தியானம் அவருடைய அண்ணா ஊரிலிருந்து போன் எடுப்பார். "சாப்ட்டேண்ணா. சாம்பார்தான். நீ கடைக்குக் கிளம்பலையா?" என் அண்ணா இறந்து அப்போது நாலு மாதம். வேலையிடத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்தப் போன் அடித்தாலே சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு வெளியே போய்விடுவேன்.

லேபிள் புரோகிராம் தனி ஃபோல்டரில் இருந்ததால் ஒவ்வொரு தரமும் முழு வழியையும் அடிக்க வேண்டியிருந்தது. அதைச் சுருக்கத்தான் கார்த்திக், உள்ளே போகும்போதெல்லாம் தானாக ஓடும் .bashrc ஃபைலைத் திறந்தார். PATH என்பது ஒரு பட்டியல். கொமாண்ட் அடித்தால், அதை வாங்கி ஓட்டும் ஷெல் அந்தப் பட்டியலில் இருக்கும் ஃபோல்டர்களில் மட்டும் தேடும். கார்த்திக் எழுதியது:

export PATH=/opt/label/bin

எழுதியிருக்க வேண்டியது:

export PATH=$PATH:/opt/label/bin

$PATH என்றால் பழைய பட்டியல். அதை விட்டால் புது ஃபோல்டர் ஒன்றுதான் மிஞ்சும்; லேபிள் புரோகிராமுக்கு வேண்டிய மற்றக் கொமாண்டுகள்கூடக் கிடைக்காது. வீட்டில் நானே இரண்டு தரம் விட்ட பிழை, கண்டவுடன் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. அவர் சேவ் பண்ணி, லொக் அவுட் பண்ணி, திரும்ப உள்ளே போனார்.

"என்ன தம்பி, லேபிள் வரேல்லையோ?" என்று யோகன் அண்ணா வந்தார்.

"ஃபைலைத் திருத்துற vi கூட ஓப்பன் ஆகலண்ணே. சிஸ்டமே போச்சுன்னு நெனைக்கிறேன். ரீஇன்ஸ்டால்தான் பண்ணணும்."

"ரீஇன்ஸ்டாலோ? காலமை வந்த ஓடர் எல்லாம் அதுக்குள்ளதானே கிடக்கு. படிச்ச பிள்ளையெண்டு நம்பி விட்டன்."

அதைக் கேட்கத்தான் நின்றேன். கேட்க நல்லாத்தான் இருந்தது. ஒரு லொறிக்காரன் உள்ளே வந்து கார்த்திக்கைக் கெட்ட வார்த்தையில் ஏசினான். அவர் அதே ls-ஐத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் தள்ளுங்கோ" என்றேன்.

வழக்கமான கொமாண்டுகள் இருக்கும் ஃபோல்டர்களைத் திரும்பக் கொடுத்து, PATH=/usr/bin:/bin என்று அடித்தேன். அதன்பிறகு ls வேலை செய்தது, vi திறந்தது. .bashrc-இல் விடுபட்டதைச் சேர்த்தேன். லேபிள் அச்சாக இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"பிள்ளை கெட்டிக்காரி" என்றார் யோகன் அண்ணா. அந்தக் கிழமையே வேலை எனக்கு என்று சொல்லிவிட்டார்.

கார்த்திக் மேசையைத் துப்புரவாக்கும்போது போய்ச் சொன்னேன். "நீங்கள் சேவ் பண்ண முதலே அந்தப் பிழையைக் கண்டனான்."

அவர் கையிலிருந்ததை மேசையில் வைத்தார். "ஏங்க, ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"உங்கட அண்ணா ஒவ்வொரு நாளும் கதைக்கிறார். என்ர அண்ணா செத்துப்போனார்."

"அதுக்கு நான் என்னங்க பண்ணேன்?" என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன். PATH மாற்றினால், பழைய விண்டோவை மூடாமல் புதிது ஒன்றைத் திறந்து பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் பிழை விடுவதைக் கண்டால், அவர் சேவ் பண்ண முதலே சொல்லுங்கள். அதற்குப் பிறகு எவ்வளவு கெதியாகத் திருத்திக் கொடுத்தாலும் அது உதவி இல்லை. எனக்கு இந்த வேலை கிடைத்தது அப்படித்தான்.