சாமி படத்துக்குப் பின்னால் இருந்த படிவம்

தம்பி போன பிறகு அவருடைய பணத்தைக் கேட்கப் போன அன்று, பெரம்பலூர் கல்வி ஆபீசில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், தம்பி மனைவி, சித்தப்பா, மேசைக்கு அந்தப் பக்கம் கிளார்க் சார். வேறு யாரும் இல்லை. இதை முதலில் எழுதக் காரணம், அன்று அங்கே இல்லாதவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள். "கட்டுன பொண்டாட்டி பேரைக்கூட எழுதி வைக்காதவன்" என்று தம்பியைச் சொல்கிறார்கள். அது பொய்.

எட்டாவதோடு நின்றவள் எழுதுகிறேன். எனக்கு இளையவர் ஆனாலும் தம்பியை மரியாதையாகவே எழுதுகிறேன்.

தம்பி பிறந்தது கீழப்பழுவூர். அவருடைய ஆறு வயதில் அப்பா போனார். அம்மா களை எடுத்தார், நான் முந்திரிக்கொட்டை உடைத்தேன், தம்பி படித்தார். பெரம்பலூரில் அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளர் ஆனார். ஓய்வூதியத்துக்கென்று மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். தனக்கு ஏதாவது ஆனால் அந்தப் பணம் அம்மாவுக்கு என்று அப்போது எழுதிக் கொடுத்தார். பிறகு அம்மாவும் காலமானார். கல்யாணமான இரண்டாம் மாதமே புதுப் படிவத்தில் மனைவி பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். பிடுங்கியது நான்.

"மஞ்சக்கயிறு ஈரம்கூட காயல. அதுக்குள்ள சாவுக் காயிதத்துல புதுப்பொண்ணு பேரா? நல்லாருக்காடா?"

"ஏக்கா, இது ஆபீஸ் காயிதம். எமனா வந்து படிக்கப்போறான்?" என்று சிரித்தார்.

"ஒரு குழந்தை பொறக்கட்டும், அப்புறம் குடு" என்று மாரியம்மன் படத்துக்குப் பின்னால் செருகினேன். குழந்தை பிறந்து பள்ளிக்கும் போகிறது. யாராவது இருமினால் பயம், பஸ் தாமதமானால் பயம் என்று இருக்கிற எனக்கு, இந்தப் படிவம் மட்டும் நினைவுக்கு வரவே இல்லை. மஞ்சள் காமாலை பதினோரே நாளில் தம்பியைக் கொண்டுபோனது. கருமாதிக்கு வெள்ளையடிக்கப் படத்தை இறக்கியபோது அது கீழே விழுந்தது. அதைத்தான் அன்று ஆபீசுக்கு எடுத்துப்போனேன்.

கிளார்க் சார் புரட்டிப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தான்மா எழுதியிருக்காரு. ஆனா அவரு இருக்கும்போதே எங்க கைக்கு வந்திருக்கணும். இங்க அவங்க அம்மா பேருதான் இருக்கு. அவங்களும் இல்லைங்கிறீங்க. வாரிசுச் சான்று வாங்கிட்டு வாங்க."

தம்பி மனைவி என் பக்கம் திரும்பினார். "சாமிக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சீங்களே அண்ணி. அப்பவும் போயிட்டாரே."

படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

சான்றுக்கு அலைந்ததைச் சொன்னால் தம்பியின் முதலாண்டு நினைவுக்குப் போடும் இந்த மலர் போதாது. சொந்த ஊர் அரியலூர் மாவட்டம், குடியிருந்தது பெரம்பலூர். அங்கே போனால் இங்கே என்றார்கள், இங்கே வந்தால் அங்கே என்றார்கள். "ஏம்மா, நடுரோட்டுல நின்னு கேட்டா குடுப்பாங்களா?" என்று கேட்டார் சித்தப்பா. ஒருவழியாகச் சான்று வாங்கி மனுவோடு கொடுத்தாயிற்று. எப்போது கேட்டாலும் "சென்னைக்கு அனுப்பியாச்சு" என்கிறார்கள்.

முட்டி வலியோடு ஒன்பது தடவை பஸ் ஏறிய சித்தப்பாவுக்கும், மனு எழுதித் தந்த, தம்பி வேலை பார்த்த பள்ளியின் ஆசிரியருக்கும், இந்த ஓராண்டில் என்னோடு ஒரே உலையில் சோறு பொங்கிய தம்பி மனைவிக்கும் நன்றி. தம்பியைக் குறை சொன்னவர்கள் இனி என்னைச் சொல்லுங்கள்.

அவர் மனைவிக்கும் பிள்ளைக்கும் இன்றுவரை வந்து சேராதது ஏழு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.