முசுக்கட்டைப்பூச்சி என்றால் என்ன?

சென்ற சனிக்கிழமை, காலை எட்டு இருபது. திண்டிவனத்தில் என் வீட்டுக் கதவைத் தட்டியது ஒரு சண்டை.

சண்டைக்குச் சொந்தக்காரர்கள் தேவசகாயமும் அவர் மனைவி எஸ்தரும். அனந்தபுரம் பக்கத்தில் அவர்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம்; அவர்கள் பேச்சில் 'கொல்லை'. தேவசகாயம் எஸ்.எஸ்.எல்.சி. வரை என்னோடு ஒரே பெஞ்ச். பழைய புத்தகம், எதையும் தேதி போட்டு டைரியில் எழுதிவைப்பது என்றால் எனக்குப் பைத்தியம் என்பது ஊருக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா? வழக்கை என்னிடம் கொண்டுவந்துவிட்டார்.

என்ன வழக்கு?

புத்தாண்டு ஆராதனையில் அவர்கள் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு தட்டிலிருந்து ஒன்று. அதிலிருக்கும் வசனம்தான் அந்தக் குடும்பத்துக்கு அந்த வருஷத்து வாக்கு. எஸ்தருக்கு வந்தது யோவேல் தீர்க்கதரிசியிடமிருந்து. 'நான் அனுப்பிய பூச்சிப் படை தின்ற வருஷங்களின் விளைச்சலைத் திருப்பித் தருவேன்' என்று கடவுள் சொல்வதாகச் சாரம்.

பொருத்தம்தானே? எண்பத்திரண்டில் மழை இல்லை. எண்பத்து மூன்றில் மழை வந்தது... பின்னாலேயே கம்பளிப்புழுவும் வந்தது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் செடியில் குச்சிதான் மிச்சம். இந்த வருஷம் மழை பெய்துவிட்டது, விதையும் வீட்டில் இருக்கிறது. தேவசகாயமோ விதையை விற்றுவிட்டு, புதுச்சேரியில் ஒரு மில்லில் வாட்ச்மேனாகச் சேரப் போகிறார். திங்கள்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"அட்டை வந்துக்கீது, விதைங்கன்றேன். கேக்க மாட்றாருண்ணே," என்றார் எஸ்தர்.

"படிச்சுப் பாத்துட்டுதான்பா சொல்றேன்," என்று அட்டையை நீட்டினார் தேவசகாயம். "வெட்டுக்கிளி போட்டுக்கீது. பச்சைக்கிளி, பச்சைப்புழு, அப்பால ஏதோ முசுக்கட்டைப்பூச்சியாம். என் கொல்லையத் தின்னது இன்னா? கம்பளிப்புழு! லிஸ்ட்லயே இல்ல. எனக்கு எப்டி செல்லும்?"

தாலுகா ஆபீஸில் மனு தள்ளுபடியான முகம்.

"ஏன், பச்சைக்கிளி நம்ம மல்லாட்டையக் கொத்திக்கினு போவல?" என்றார் எஸ்தர்.

"அஞ்சாறு கிளி! இங்க சேனைன்னு போட்டுக்கீது, சேனை!"

வசனத்தில் வரும் பச்சைக்கிளி பறவையே இல்லை, அதுவும் வெட்டுக்கிளி ஜாதிதான் என்று நான் விளக்கினேன். தன் ஒரே சாட்சியையும் கலைத்துவிட்டதற்காக எஸ்தர் என்னை முறைத்தார்.

சரி, முசுக்கட்டைப்பூச்சி என்றால் என்ன? எனக்கும் தெரியவில்லை. என் அகராதியில் 'மு' உள்ள பாகம் விழுப்புரத்தில், ஒரு வக்கீல் நண்பர் வீட்டில். இரவல் போன தேதி டைரியில் இருக்கிறது. திரும்பி வந்த தேதி? அந்த இடம் காலி.

மூவரும் பஸ் ஏறினோம். சண்டையும் டிக்கெட் வாங்காமல் கூடவே ஏறியது.

"வாட்ச்மேன் வேலை பைபிள்ல இல்லியா? காவலாளின்னு வர்தே!" என்றார் தேவசகாயம்.

"வர்து, வர்து. கர்த்தர் காக்கலன்னா அவன் முழிச்சிக்கினு இருக்கறதே வீணுன்னு வர்து!"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

வக்கீல் வீட்டில் என் அகராதி பீரோவின் ஆடும் காலைத் தாங்கிக்கொண்டிருந்தது. உருவி எடுத்தோம். பீரோ லேசாகச் சாய்ந்தது. முசு... முசுக்கட்டை... இதோ. கம்பளிப்பூச்சி!

"அல்லேலூயா!" எஸ்தர் கை தட்டினார்.

தேவசகாயம் அட்டையை மறுபடி நிதானமாகப் படித்தார். பிறகு கேட்டார்: "அப்போ... என் புழுவ அனுப்பினதே அவருதான்னு ஆவுதே?"

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் சாய்ந்த பீரோவை நிமிர்த்தப் போனேன்.

எஸ்தர் மட்டும் அசரவில்லை. "ஆமாங்க. அனுப்பினவரு கிட்டதானே திருப்பிக் கேக்க முடியும்? அடுத்த வூட்டுல போய்க் கேப்பீங்களா?"

தேவசகாயம் அட்டையைச் சட்டைப்பையில் வைத்தார். "சரி, விதைக்கறேன்," என்றார். உடனே என் பக்கம் திரும்பினார். "போன வருசம் மழைக்கப்புறம் எத்தினி நாள்ல கம்பளிப்புழுவோட தாயி, அந்த அந்துப்பூச்சி பறந்துது? எழுதி வச்சிருப்பியே! அது முட்டை வக்கறதுக்குள்ள கொல்லையில வெளக்கு வச்சு, கீழ மண்ணெண்ண கலந்த தண்ணி வச்சா, அத்தினியும் வந்து வுழும்."

மண்ணெண்ணெய் கேன் வாங்க முதலில் எழுந்தது யார்? எஸ்தர்தான். "இன்னாண்ணே பாக்கறீங்க? கேட்டுட்டு சும்மா குந்திக்கினு இருக்க முடியுமா?"

திங்கள்கிழமை விதைத்துவிட்டார்கள். விசுவாசத்தில் கொஞ்சம் மண்ணெண்ணெய் வாடை அடித்தால் தப்பா என்ன?