எதிர்ப்பக்கமாக நடக்கும் சங்கம்

கேவலமான விஷயம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு சங்கத்தின் நிறுவனத் தலைவர். மொத்த உறுப்பினர்கள் இரண்டே பேர். நான், அப்புறம் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் ஞானராஜ் சார்.

விருதுநகரில் நான் தினமும் காலையில் நடக்கிற மைதானத்தில் நடையாளர் சங்கம் ஒன்று உண்டு. சமீபத்தில் அதற்குத் தலைவர் தேர்தல் வந்தது. நானும் நின்றேன். என்னை எதிர்த்து நின்றவர் மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்காரர். நான் நாலு புத்தகம் படித்தவன், வாராவாரம் பத்தி எழுதி உங்களை அறுக்கிறவன். அவரோ நடந்து முடித்ததும் எல்லோருக்கும் சுக்குக் காபி வாங்கிக் கொடுக்கிறவர்.

முடிவைச் சொல்லவும் வேண்டுமா?

எண்ணி முடித்ததும் எழுந்தேன். "இந்தச் சங்கத்தில் ஜனநாயகம் செத்துவிட்டது" என்று அறிவித்துவிட்டு வெளியேறினேன். அதுவரை அது உயிரோடுதான் இருந்தது. நான் மனு கொடுத்தபோது இருந்தது, ஓட்டுக் கேட்டபோதும் இருந்தது. எண்ணி முடித்த அந்த நிமிஷத்தில்தான் மாரடைப்பு வந்து போய்விட்டது.

ஞானராஜ் சார் மட்டும் என் பின்னால் வந்தார். புதிய சங்கம் பிறந்தது. ஆனால் ஒரு சிக்கல்... சங்கம் இரண்டு, மைதானம் ஒன்று. அவர்களிடமிருந்து வித்தியாசம் காட்ட வேண்டுமே? அவர்களுக்கு எதிர்ப்பக்கமாக நடப்பது என்று முடிவு செய்தேன்.

விளைவு என்ன தெரியுமா? சங்கத்தில் இருந்தவரை அவர்களின் முதுகுகளை மட்டும் பார்த்தேன். வெளியேறிய பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அத்தனை பேரும் முகத்துக்கு நேரே வருகிறார்கள். கமிஷன் கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் கும்பிட்டு, "வணக்கம் தலைவரே!" என்கிறார். பிரிந்து வந்ததில் உறவு நெருங்கியது நான் கேள்விப்பட்ட வரையில் இங்கேதான்.

இந்த லட்சணத்தில்தான் சிவகாசியிலிருந்து காசிராஜன் போன் செய்தான். "அண்ணாச்சி, வெளியேறுறதுல உங்களுக்கு அனுபவம் இருக்கு. கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

காசிராஜன் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் அச்சகம் வைத்திருக்கிறான். ஒரு கட்சியில் நகரப் பொறுப்பும் உண்டு. எந்தக் கட்சி? நீங்கள் எதை நினைத்துக்கொண்டாலும் சரியாகவே இருக்கும். அதில் மாநிலத் தலைமைக்கு இருவர் மோதினார்கள். காசிராஜன் ஒருவரை ஆதரித்தான். இன்னொருவர் ஜெயித்தார்.

போய்ப் பார்த்தால், அச்சகத்துப் பின்கட்டில் சரவெடிப் பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் தோற்றவரின் சிரித்த முகம். கீழே தங்க எழுத்தில் 'வெற்றித் தலைவர் ஸ்பெஷல்'. ஓட்டு எண்ணுவதற்கு முன்பே லேபிள் அடித்து, ஒரு கம்பெனியில் ஆர்டர் கொடுத்து, சரக்கையும் இறக்கிவிட்டான். தேர்தல் முடிவுக்கு வேறு ஊர்க்காரர்கள் பதற்றத்தோடு காத்திருப்பார்கள். இந்த ஊர்க்காரர்கள் லேபிளோடு காத்திருப்பார்கள்.

"எங்காளு தனிக்கட்சி ஆரம்பிக்கப் போறாராம். கூட வாறியா இல்லையான்னு கேட்டு ஆள் மேல ஆள் வருது" என்றான்.

"நீ என்ன நினைக்கிறாய்?"

அவன் செல்போனை நீட்டினான். ஒரு பிளக்ஸ் பேனரின் படம். வருகிற வெள்ளிக்கிழமை இருக்கன்குடி கோயிலில் அவன் தங்கை செல்வியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் என்று இருப்பது காசிராஜன் ஒருவன்தான். செல்வியின் வீட்டுக்காரர் தர்மர் அதே கட்சி, ஆனால் ஜெயித்தவரின் ஆள். பேனரை அடித்தவர் அவர். உச்சியில் ஜெயித்தவரின் பெரிய முகம், நடுவில் குழந்தை, அடியில் இரு கைகளையும் கூப்பிக்கொண்டு நம் தாய்மாமன்.

"நல்லாப் பாருங்க அண்ணாச்சி. கல்யாணத்துல வாறவுகளைக் கும்பிட்ட போட்டோ அது. அதைக் கொண்டு போய் அந்தாளைக் கும்பிடுற மாதிரி வச்சிருக்கான்! அந்த மூஞ்சிக்குக் கீழ போய் நான் உக்காரவா?"

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி என்ன சொல்லியிருப்பான்? 'பேனர் வேறு, பிள்ளை வேறு' என்றிருப்பான். நானோ நிறுவனத் தலைவர். "தம்பி, தோற்றவனுக்கு மிச்சம் இருப்பது தன்மானம் ஒன்றுதான்" என்று ஆரம்பித்துவிட்டேன். வெளியேறுவதன் மேன்மை பற்றி ஒரு டீ ஆறிப்போகும் வரை பேசினேன்.

"அப்ப காதுகுத்து?"

"கொள்கை என்று வந்துவிட்டால்..." என்று இழுத்தேன். எந்தக் கொள்கை என்று அவனும் கேட்கவில்லை. எனக்கும் தெரியாது.

அவன் கட்சி வாட்ஸ்அப் குரூப்பில் விலகல் அறிவிப்பைப் போட்டான். வாசகம் என்னுடையது. 'பதவியைத் துறப்பேன், தன்மானத்தைத் துறவேன்.' பஸ்ஸில் ஊர் திரும்பும்போது அதை நானே இரண்டு முறை படித்துப் பார்த்து மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை டிவியைப் போட்டேன். தோற்றவர் ஜெயித்தவருக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார். ஜெயித்தவர் தோற்றவருக்கு ஒரு துணைப் பதவியைக் கொடுத்துக்கொண்டிருந்தார். "நாங்கள் என்றைக்கும் ஒரே குடும்பம்" என்றார்கள். தனிக்கட்சியா? அது சிலர் கிளப்பிய வதந்தியாம்!

அந்தச் சிலரில் ஒருவன் உடனே போன் செய்தான்.

"அண்ணாச்சி, இப்ப கட்சிக்கு வெளிய நிக்கிறது நான் ஒருத்தன்தான்!"

எனக்கு வந்த எரிச்சலை எங்கே கொட்ட? இவர்களில் ஜெயித்தவனுக்குப் பெருந்தன்மை கிடையாது, தோற்றவனுக்குப் பொறுமை கிடையாது. முந்தின நாள் வரை 'கட்சி என் தாய்' என்கிறவர்கள், ஓட்டு எண்ணியதும் 'இங்கே மூச்சு முட்டுகிறது' என்கிறார்கள். வெளியே போவேன், போவேன் என்று சொல்லியே உள்ளே ஒரு நாற்காலி வாங்கிவிடுகிறார்கள். அதை நிஜமென்று நம்பி வாசலைத் தாண்டிய தொண்டனைத் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை.

அப்படியானால் தோற்றவர்கள் வெளியேறவே கூடாதா? தாராளமாக வெளியேறலாம். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு... 'நீங்கள் ஜெயித்திருந்தாலும் இந்தக் காரணத்துக்காக வெளியேறியிருப்பீர்களா?' ஆமாம் என்றால் அது கொள்கை. இல்லை என்றால் கொள்கை என்று பேர் வைத்த கோபம். கோபத்துக்கு ரெண்டு நாள் வீட்டில் கவிழ்ந்து படுத்தால் போதும், புதுக்கொடி எல்லாம் வேண்டியதில்லை. என் நடையாளர் சங்கத்தை இந்தக் கேள்விக்கு முன்னால் நிறுத்திப் பார்த்தேன். அது நிற்கவில்லை.

வியாழக்கிழமை செல்வியிடமிருந்து போன்.

"அண்ணே, எங்க அண்ணன் காதுகுத்துக்கு வரமாட்டேங்கு. பிள்ளைக்கு இருக்கிறது ஒத்த மாமன். நீங்க சொல்லித்தான் வெளியேறுச்சாம்ல? அப்ப நீங்களே கூட்டிட்டு வந்து உக்கார வையுங்க."

நியாயம்தானே? வெள்ளிக்கிழமை விடிந்ததும் சிவகாசிக்கு ஓடினேன். வெகுநேரம் கெஞ்சிய பிறகு காசிராஜன் வேனில் ஏறினான். சீர்த்தட்டுகளோடு அந்தச் சரவெடிப் பெட்டிகளையும் ஏற்றினான். தாய்மாமன் சீர் வெடியில்லாமல் போகக் கூடாதாம். சாத்தூர் தாண்டும் வரை எங்களோடு பேசியது வேன் ஹாரன் மட்டும்தான்.

பந்தலுக்கு எதிரே பேனரைப் பார்த்ததும் காசிராஜன் அப்படியே நின்றுவிட்டான். தர்மர் புதிதாக ஒன்று அடித்திருந்தார். இப்போது உச்சியில் இரண்டு தலைவர்கள். கன்னத்தோடு கன்னம் உரசுகிற நெருக்கத்தில் சிரிக்கிறார்கள். அடியில் அதே தாய்மாமன், இருவரையும் சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

தர்மர் வந்தார். "வாங்க மச்சான். உங்காளு உள்ள வந்துட்டாரு. நீங்கதான் அங்கன வெளிய நிக்கீக!"

தமாஷாகத்தான் சொன்னார். ஆனால் பந்தலில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். காசிராஜன் முகம் சுருங்கிவிட்டது. கையில் இருந்த சீர்த்தட்டை என்னிடம் தள்ளினான். "நான் வேன்ல இருக்கேன். சாப்பிட்டுட்டு வாங்க."

உள்ளே ஆசாரி தயாராக இருந்தார். குழந்தையை யார் மடியில் வைத்தாலும் வீறிட்டது. நல்ல நேரம் போகிறது என்று பெரியவர்கள் முனக ஆரம்பித்தார்கள். ஒருவர், "தாத்தா மடியில வச்சுக் குத்துங்கப்பா" என்றார். சீர்த்தட்டோடு நான் நடுவில் நின்றேன். இத்தனைக்கும் காரணம் என் வாசகம் என்பது அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நின்றேன்.

செல்வி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். நேரே வேனுக்குப் போனாள். நானும் தட்டோடு பின்னால் ஓடினேன்.

"ஏண்ணே, கட்சிப் பதவிக்கு உன்கூட ஆயிரம் பேரு போட்டி போட்டிருப்பான். என் பிள்ளைக்கு மாமன்ங்கிற பதவிக்கு எவனாச்சும் போட்டிக்கு வந்தானா? அதையும் எழுதிக் கொடுத்துட்டுப் போறதுன்னா போ."

அவன் என்னைப் பார்த்தான். 'இந்த அண்ணாச்சி இதற்கும் வாசகம் எழுதிக் கொடுப்பாரோ' என்ற பார்வை. நான் பேனரைப் பார்த்துக்கொண்டேன்.

குழந்தை அவன் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பிடித்து இழுத்தது. அவன் குழந்தையை வாங்கிக்கொண்டான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்து, இரண்டு தலைவர்களையும் ஏறிட்டுப் பார்க்காமல் பந்தலுக்குள் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தான். குழந்தை பேனாவில் மும்முரமாக இருந்தபோது ஆசாரி ஒரு காதைக் குத்திவிட்டார்.

அதே நேரம் வெளியே தர்மர் திரியைக் கொளுத்தினார். மச்சான் கொண்டு வந்த சரம், லேபிள் முகம் யாராயிருந்தால் என்ன, குறையில்லாமல் வெடித்தது. குழந்தையின் அழுகை அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை. காசிராஜன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். புகை என்றான்.

சாப்பாட்டுப் பந்தியில் தர்மர் பாயசத்தை ஊற்றிக்கொண்டே, "மச்சான், திரும்பச் சேந்துருங்க. சால்வை எல்லாம் ரெடியா இருக்கு" என்றார்.

"ஒரு மாசமாவது வெளிய இருக்கேன் மாப்ள. இல்லைன்னா வாசகம் எழுதிக் கொடுத்த அண்ணாச்சிக்கு மரியாதை இருக்காது."

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

மறுநாள் காலை மைதானத்தில் ஞானராஜ் சாரிடம் மொத்தக் கதையையும் சொன்னேன். "சார், நம் சங்கத்தைக் கலைத்துவிடலாம் என்று பார்க்கிறேன். தாய்ச் சங்கத்துக்கே திரும்பிவிடுவோம். என்னை நம்பி வெளியே வந்த உங்களுக்கு வருத்தம் இருக்கும்..." என்று குரல் தழுதழுக்க முடித்தேன்.

அவர் நின்றார். வலது முழங்காலை இரண்டு தடவை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"வருத்தமா? ஒரே பக்கமாத் திரும்பித் திரும்பி நடந்ததுல இந்த முட்டி வலிச்சுக்கிட்டே இருந்துச்சு சார். கொஞ்ச நாளைக்கு எதிர்ப்பக்கமா நடங்கன்னு டாக்டர் சொன்னாரு. அந்நேரம் பாத்து நீங்க பிரிஞ்சு போனீக. இப்ப சரியாயிருச்சு... பழைய பக்கமே போயிருவோம்னு நானே உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் முழிச்சுக்கிட்டு இருந்தேன்."