உராய்வு எந்த ஊர்க்காரன்?

தாயில்பட்டியில் வேன் புறப்பட்டதும் முத்துச்செல்வி எழுந்து நின்றுவிடுவார். உட்கார்ந்து கதை சொன்னால் பின்சீட்டுக்காரிகள் தூங்கிப்போவார்களாம். ஒரு கை மேல்கம்பியில், மறு கையில் தூக்குச்சட்டி. முப்பது பெண்கள், பட்டாசுக் கம்பெனி வாசல் வரைக்கும் இருபத்தைந்து நிமிடம். அதற்குள் குளவி மண்ணைக் குழைக்கும் விதமோ, மின்மினி சுடாததன் காரணமோ, ஏதாவது ஒன்று முடிந்தாக வேண்டும்.

"வானத்துல இடிக்கிறதும், நீ சேல மாத்தும்போது சடசடங்குறதும் ஒரே சங்கதிதான்டி. அது பெரிய வீட்டுச் சண்ட, இது நம்ம வீட்டுச் சண்ட."

வேன் குலுங்கச் சிரிக்கும். டிரைவர் மகேஷ்குமார் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினால், "ஏலே, பாட்டுல அந்தப் பிள்ள காதலிச்சு முடிக்கட்டும், நான் பெறகு சொல்றேன்" என்று கதையை நிறுத்துவார். பாட்டு உடனே அணையும்.

நாற்பத்தாறு வயது. எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. மகள் ஆர்த்தியின் அறிவியல் புத்தகங்களைப் பரீட்சை முடிந்த அன்றே பிடுங்கிக்கொள்வார். விளங்காததைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போய் டீச்சரை மடக்குவார். பத்தாம் வகுப்புப் புத்தகத்தை மகள் ஒருமுறை படித்தாள். இவர் இரண்டு முறை. குழம்பில் உப்புப் போட்டோமா என்பது மட்டும் நினைவில் நிற்காது.

இந்தப் படிப்பெல்லாம் தொடங்கியது, நாத்தனார் கற்பகம் வேறொரு கம்பெனியில் கருகிச் செத்த வருஷம். உராய்வினால் விபத்து என்று பேப்பரில் போட்டிருந்தது. அதற்கு முந்தின விபத்துக்கும் அதுதான் காரணம், பிந்தினதற்கும் அதுதான்.

"யாருடி அந்த உராய்வு? எந்த ஊர்க்காரன்? அம்புட்டுப் பேரக் கொன்னுருக்கான், ஒரு கேசு கெடையாது, ஒரு நாள் உள்ள இருந்ததில்ல. நாலு பேரு இருக்க வேண்டிய ரூம்ல பத்துப் பேர உக்கார வச்சவன் பேர எழுத மட்டும் பேப்பர்ல எடமில்லையாக்கும்?"

இதைச் சொல்லும்போது வேனில் யாரும் சிரிப்பதில்லை.

சென்ற திங்கட்கிழமை காலை. பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் அறையின் நிலைக்காலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செப்புத் தகடு உண்டு. அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் இறங்கும். உடம்பிலும் சேலையிலும் உராய்ந்து சேர்ந்திருக்கும் மின்சாரத்தை அதைத் தொட்டு இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒரு பொறி போதும், மருந்து பற்றிக்கொள்ளும். ஆபீசர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு வெள்ளையடித்து, கதவு நிலைகளுக்குப் பச்சைப் பெயிண்ட் பூசியிருந்தார்கள். தகட்டுக்கும் சேர்த்து.

"அண்ணாச்சி, என்ன வேல செஞ்சு வச்சிருக்கீக?" வாசலில் நின்று முத்துச்செல்வி குரல் கொடுத்தார்.

போர்மேன் சீனிவாசகம் எட்டிப் பார்த்தார். "அளகா இருக்கட்டும்னு மொதலாளி சொன்னாக. ஏம்மா, பெயிண்ட் அடிச்சா தகடு ஓடியா போச்சு? உள்ள அங்கனதான இருக்கு?"

"உங்க வீட்டு வயருக்குள்ளயும்தான் கம்பி இருக்கு. மேல ரப்பரத் தொட்டா ஷாக் அடிக்குமா? அது ரப்பரு, இது பெயிண்டு. உள்ள இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்?"

"சீசன் நேரத்துல பாடம் எடுக்காதீக. லோடு நிக்குது. போறதுன்னா உள்ள போங்க, இல்லேன்னா நாளையிலருந்து வேன்ல ஏற வேண்டாம்."

அதே அறையில் வேலை பார்க்கும் பைரோஜா முத்துச்செல்வியின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "யக்கா, ஒரு நாள்தான, போயிருவோம். வேல போச்சுன்னா என்ன செய்வீக?"

"கற்பகத்துக்கும் ஒரு நாள்தான்டி."

முத்துச்செல்வி சாப்பாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் உடைந்த தேங்காய்ச் சிரட்டைத் துண்டு ஒன்றை எடுத்து வந்தார். மருந்து கிடக்கும் இடத்தில் இரும்பால் சுரண்டக் கூடாது. வாசற்படியில், யாரும் தாண்டிப் போக முடியாதபடி காலைக் குறுக்கே நீட்டி உட்கார்ந்து, தகட்டைச் சுரண்டத் தொடங்கினார். சீனிவாசகம் கத்திப் பார்த்துவிட்டு முதலாளியிடம் சொல்ல ஆபீசுக்கு ஓடினார். பெண்கள் வெயிலில் நின்றார்கள். பச்சைத் தூள் முத்துச்செல்வியின் மடியில் உதிர்ந்தது. விரல் முட்டி சிராய்த்து ரத்தம் கசிந்தது. புளியங்கொட்டை அளவுக்குச் செம்பு தெரிந்ததும் அவர் தன் கையை அதில் வைக்கவில்லை. பைரோஜாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அவள் விரலை அந்தப் புள்ளியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.