கூட நின்று பார்த்த பற்கள்

பல் பிடுங்க வருகிறவளைக் கண்டால் பிள்ளைகள் ஓடுவார்கள். பல் விளக்கச் சொல்லி வருகிறவளைக் கண்டால் பெரியவர்களே ஓடுவார்கள். நான் இரண்டும் செய்கிறவள். எங்கள் தீவின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் அரசாங்கப் பல் கிளினிக்கில் தாதி. பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளை வாய் திறக்கச் சொல்வது பிழைப்பு. தாதியை இங்கே மிஸி என்பார்கள்; ஊருக்கே நான் 'பல்லு மிஸி'. காலையில் ஒரு பிள்ளையையாவது பல் விளக்க வைத்துப் பள்ளிக்கு அனுப்பிப் பார்த்தவர்கள் என் கட்சி, மேலே படியுங்கள்.

கால்வாய் ஓரம்

நான் போகும் ஒரு தமிழ்ப்பள்ளியில், ரெசஸ் இடைவேளை முடிந்ததும் முதலாம் ஆண்டு வகுப்புப் பிள்ளைகள் கையில் மங்கு என்கிற தண்ணீர்க் குவளையும் பிரஷுமாக வந்து, வகுப்புக்குப் பின்னால் ஓடும் கால்வாய் ஓரத்தில் வரிசையாகக் குந்துவார்கள். இந்த நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்களில் அப்படிக் குந்தாதவர்கள் குறைவு. பட்டாணி அளவு பற்பசை போதும். வட்ட வட்டமாகத் தேய்க்கணும், துப்பணும். மங்குத் தண்ணீர் முழுவதையும் விட்டுக் கொப்பளித்துப் பசையிலுள்ள மருந்தைக் கழுவிவிடக் கூடாது. இதை நான் சொல்லிச் சொல்லி, என் வீட்டுக்காரர் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார்.

நான் வராத நாள்களில் வகுப்பாசிரியை பரமேஸ்வரி டீச்சர் கூட நிற்பார். ஒருமுறை அவர் பயிற்சிக்குப் போயிருந்த வாரம் நானும் வேறு பள்ளிக்குப் போக வேண்டியதாயிற்று. திரும்பி வந்து பார்த்தால் பிரஷ்களெல்லாம் மொறமொறவென்று காய்ந்து கிடந்தன. ஏன் விளக்கவில்லை என்று அதட்டினேன். முன் வரிசையில் இருந்த கவிநிலா பயப்படாமல் எழுந்து நின்றாள்.

"டீச்சரும் வரல, நீங்களும் வரல. அதான் பல்லுக்கும் லீவு விட்டுட்டோம் மிஸி."

சொல்லாமல் வந்த பல்

லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர், பல்வலியில் அழும் மகனைக் கிளினிக்குக்குக் கூட்டி வந்தார். பையனுக்கு ஏழு வயது. கடைவாயில் ஒரு பல் கறுத்துக் குழிந்திருந்தது. "பால் பல்லுதானே மிஸி, விழப்போறத எடுத்துப் போட்டுடுங்க லா. புதுசு முளைக்கும்" என்றார், கிழிந்த சேலையை மாற்றித் தரச் சொல்கிற மாதிரி.

எனக்குச் சுர்ரென்று வந்தது. முன்பல் ஆடினால் வீடே கூடிப் படமெடுக்கும். ஆனால் ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, வரிசைக்குக் கடைசியில் ஒரு நிரந்தரக் கடைவாய்ப்பல் கமுக்கமாக வந்து உட்காரும்; அதை யாரும் கண்டுகொள்வதில்லை. பிள்ளையின் பிரஷும் அதுவரை எட்டாது. பெரியவர் யாராவது கூட நின்று பின்னால்வரை தேய்க்க வைத்தால்தான் உண்டு. கண்ணாடியை எடுத்துக் காட்டினேன். "இது பால் பல்லு இல்ல அண்ணே. இதுக்கு மாத்து கிடையாது. காலம் பூரா இவன் சோறு மெல்லப் போறது இதுலதான்" என்றேன். மனிதருக்கு முகம் விழுந்துவிட்டது. நல்லவேளை, அடைத்துக் காப்பாற்றுகிற நிலையில்தான் பல் இருந்தது. போகும்போது மகன் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"இவ்ளோ முக்கியமான பல்லு வந்துருக்கு, எங்ககிட்ட ஒருத்தரும் சொல்லவே இல்லயே மிஸி!"

வீட்டில் யார் பார்ப்பது?

அந்தக் கால்வாய் ஓரத் தமிழ்ப்பள்ளிக்குப் புதுத் தலைமையாசிரியர் வந்தார். நல்ல மனிதர், ஆனால் கணக்குப் பாட நேரத்தில் நிமிடம்கூடக் குறையக் கூடாது என்பவர். ரெசஸுக்குப் பிறகு பிள்ளைகள் ஈரச் சட்டையோடு தாமதமாக வகுப்புக்குள் நுழைவது அவருக்குப் பொறுக்கவில்லை. கால்வாய் ஓரப் பல் விளக்கலை நிறுத்தப் போவதாகச் சொன்னார். "வீட்ல செய்ய வேண்டிய வேலைய எதுக்கு மிஸி பள்ளிக்கூடத்துல செய்றீங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் நான் விடுகிற ஜாதியில்லை. அப்போதுதான் அந்த முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கடைவாய்ப்பல் முளைத்துக்கொண்டிருந்தது. இப்போது விட்டால் போனது போனதுதான். அவரை வகுப்புக்கு அழைத்துப் போய், வீட்டில் பல் விளக்கும்போது பெரியவர்கள் கூட நின்று பார்ப்பவர்கள் கை தூக்குங்கள் என்றேன். பாதிப் பேரின் அம்மாமார் விடியுமுன்னே தொழிற்சாலை பஸ் ஏறுகிறவர்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஒரே ஒரு கைதான் உயர்ந்தது. தலைமையாசிரியர் ஆவலோடு அந்தப் பையன் பக்கம் குனிந்தார். "யார்ப்பா பாக்குறது?"

"எங்க வீட்டுப் பூனை, சார்."

வேலையில்லாத வாய்

தலைமையாசிரியர் சிரித்துவிட்டார். சிரித்த சூட்டோடு ஓர் ஆண்டு அவகாசம் வாங்கினேன். ஆண்டு முடிந்ததும் "பலன் எங்கே?" என்று கேட்டார். பல் என்ன கீரையா, விதைத்த மாதமே பறித்துக் காட்ட? அடுத்த ஆண்டும் கெஞ்சினேன். அதற்கடுத்த ஆண்டு சண்டையே போட்டேன். ஒவ்வோர் ஆண்டும் அவர் கேட்க, நான் கேட்காதது போல் மங்குகளை அடுக்க, அந்தப் பிள்ளைகள் கால்வாய் ஓரத்திலேயே விளக்கி ஆறாம் ஆண்டு வகுப்பையும் முடித்துப் போனார்கள்.

இந்த ஆண்டு எங்கள் குழு ஓர் இடைநிலைப்பள்ளிக்குப் போனது. அங்கே இரண்டாம் படிவத்தில், அதாவது எட்டாம் வகுப்பில், அவர்கள் இருந்தார்கள். முகத்தில் பரு, குரலில் கரகரப்பு. கால்வாய் ஓரத்தை விட்டு வந்து ஓராண்டுக்கு மேலாகிறது. கூட நிற்க இப்போது யாருமில்லை. இவ்வளவு நாள் கத்தியது வீண்தானா என்று அன்று தெரிந்துவிடும். ஒவ்வொருவராக நாற்காலியில் சாய்ந்தார்கள். ஓரிருவருக்கு அடைப்பு இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். மற்றவர்களுக்கு ஆறு வயதில் மேலும் கீழுமாக முளைத்த கடைவாய்ப்பல் நாலும் சொத்தையில்லாமல் இருந்தன. இளம் டாக்டரம்மா ஒரு பெண்ணின் வாயைப் பார்த்துவிட்டு, "இங்க நமக்கு ஒன்னும் வேலை இல்ல மிஸி, அடுத்த ஆளக் கூப்பிடுங்க" என்றார். எனக்குக் கண் நிறைந்து, கூப்பிட வேண்டிய பெயர் பட்டியலில் தெரியவில்லை.

"யாரும் சொல்லாமலே விளக்குறியாம்மா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். "விளக்காம படுத்தா தூக்கமே வராது மிஸி" என்றாள்.

மறுநாள் காலை முதல் வேலையாகத் தமிழ்ப்பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியர் முன்னால் நின்றேன். நடந்ததை அப்படியே சொன்னேன். ஜன்னல் வழியாகக் கால்வாய் ஓரத்தைக் காட்டினார்.

"இனிமே வருஷா வருஷம் வந்து அவகாசம் கேக்காதீங்க மிஸி. நான் ரிட்டையர் ஆனாலும் இது நிக்கக் கூடாது."

வாய்க்குள் வேலை ஒன்றுமே இல்லை என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்வதைக் கேட்க, வருடக்கணக்காகத் தொண்டை வறளக் கத்த வேண்டிய உத்தியோகம் இது.