இன்னா படம்னு கேட்டுனு வா

போன வாரம் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒருவர் பழைய லாரியில் பாட்டு செட் மாட்டிக்கொண்டிருந்தார். எர்த் ஒயர் கட்டுவதற்காக அடிச்சட்டத்துப் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்தார். அந்தக் கரகரப்பைக் கேட்டதும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

அறுபதுகளில் நான் காதர் பாயின் மைக் செட்டில் அறிவிப்பாளர். பெரிதாக நினைத்துவிடாதீர்கள், டூரிங் கொட்டகையில் படம் மாறினால் ஊர் ஊராகப் போய்க் கத்த வேண்டும், அவ்வளவுதான். என் குரல் கேட்டாலே நோட்டீசுக்கு ஓடி வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஓர் ஐப்பசியில் மழை விடவே இல்லை. ஏரிக்கரை கசிகிறது, கீழே இருக்கும் குடிசைக்காரர்களை மேட்டுக்குப் போகச் சொல்லுங்கள் என்று மதியம் ஆள் வந்தது. எங்கள் வண்டி சேற்றில் மாட்டியிருந்ததால் ஆரோக்கியம் என்பவரின் பழைய லாரியில் ஆம்ப்ளிஃபயரை ஏற்றினோம். லாரி பேட்டரியிலிருந்துதான் கரண்ட். அவசரத்தில் பாய் எர்த் ஒயரை சீட்டுக்கடியில் துருவேறிய ஒரு போல்ட்டில் சுற்றிவிட்டார்.

சிங்கவரம் சாலையில் மைக் கொர்ரென்று இரைந்து அடங்கியது. துருவில் ஒயர் சூடேறி ரப்பர் கருகும் வாசனை. சீட்டுக்கடியில்தான் பெட்ரோல் டேங்கும் இருந்தது. பாய் குதித்து இறங்கி, பேட்டரி ஒயரைப் பிடுங்கினார்.

"உடு பாய், வாயால கத்திக்கினே போலாம்" என்றார் ஆரோக்கியம்.

"இந்த மழையில யாருக்குக் கேக்கும்?"

பாய் சேற்றில் மல்லாந்து லாரிக்கு அடியில் நுழைந்தார். அடிச்சட்டத்து இரும்பு பளிச்சென்று தெரியும்வரை கத்தியால் சுரண்டி, அங்கிருந்த துளையில் தடித்த ஒயரை நட்டுப் போட்டு இறுக்கினார். ஆம்ப்ளிஃபயர்மேல் தார்ப்பாயைப் பிடித்தபடி, சாலையில் ஏறும் தண்ணீரையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி பேட்டரியில் மாட்டியதும் குரல் கணீரென்று வந்தது. ஆடு, கோழி, பானை என்று கையில் அகப்பட்டதோடு ஜனங்கள் ஓடிவந்தார்கள். கடைசிக் குடிசைகளை நெருங்கும்போது கரை உடைந்தது.

மேட்டில் எல்லோரும் இருந்தார்கள், முனியனைத் தவிர. காய்ச்சலில் படுத்திருந்தவர். அவர் மனைவி இடுப்பில் குழந்தையோடு நின்றாள்.

"மைக் சத்தம் கேக்குதுன்னு எழுப்பனேன். சினிமாக்காரன் கொரலுதான, இன்னா படம்னு கேட்டுனு வான்னுச்சி. வெளிய வந்தேன். தண்ணி வந்துடுச்சி."

என்னைக் குற்றம் சொல்லும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். அதற்குப் பிறகு நான் மைக்கைத் தொடவில்லை.

பாயும் ஆரோக்கியமும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். அந்தப் பெண் குழந்தையோடு அனந்தபுரம் பக்கம் போனதாகக் கேள்வி. குடிசைகள் இருந்த இடத்தில் இப்போது மல்லாட்டை பயிரிடுகிறார்கள். முனியனின் வீடு எது என்று காட்ட அங்கே யாரும் இல்லை.